பாதியில் நிறுத்தக்கூடாத பசாம்

தோட்டவெளி,
மன்னார்.
1986 பங்குனி, சனிக்கிழமை இரவு.

என்றும் பாசமுள்ள யாகப்பர் மாமாவுக்கு,

தங்கள் மருமகள் பிலோமினா எழுதிக்கொள்வது. ஆண்டவரின் அருளால் இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். அவ்வாறே முள்ளிக்குளத்தில் தாங்களும் மாமியும் மச்சாள்மாரும், வள்ளமும் வலையும் கூட, சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் தமிழ் ரீச்சர் சொல்லித் தந்திருப்பதால் சுகம் என்று எழுதினேன். உண்மையில் இந்த வீட்டில் ஒருவரும் சுகமில்லை. அப்பா மத்தியானத்திலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அம்மா சட்டி பானைகளைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்தார். நான் குப்பி விளக்கை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்து, குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன். வெளிச்சம் வெளியே தெரிந்தால் றோந்து போகிறவர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள், உள்ளே தெரிந்தால் அம்மா எழும்புவார். இரண்டில் எதற்குக் கூடுதலாகப் பயம் என்று எனக்கே தெரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களுக்கு எழுதுவது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. போன வருடத் திருநாளன்று பந்தியில் எல்லோருக்கும் முன்னால் நீங்கள் அப்பாவிடம் கேட்ட கேள்விக்காக அம்மா இன்னும் கோபமாக இருக்கிறார். "அண்ணர் தானாய் வந்து கதைக்கிற மட்டும் முள்ளிக்குளம் எண்ட பேரை இந்த வீட்டிலை ஒருத்தரும் எடுக்கப்படாது" என்பது கட்டளை. மேலே ஒருமுறை எடுத்துவிட்டேன், இப்போது இரண்டாவது முறை. ஆனால் மாமா, இந்த நெருப்பை மூட்டியவர் நீங்கள். அணைக்கவும் நீங்கள்தான் வர வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மறந்திருப்பீர்கள், நாங்கள் மறக்கவில்லை. நண்டுக் கறி பரிமாறிக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள்: "எமில், பதினெட்டு வருசமாய் அந்த மில்லிலை நெல்லு நிறுக்கிறாய். உன்னோடை வேலை செய்யிற ஒரு சீவனுக்காவது ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னனியோ? கடைசி நாளிலை அவர் உன்னைத் தராசிலை ஏத்தேக்கை என்ன சொல்லுவாய்?" எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அப்பா கையிலிருந்த நண்டுக் காலைக் கோப்பையில் வைத்தார், பிறகு எடுக்கவில்லை. அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? கடைக்கு உப்பு வாங்கப் போனால், கடைக்காரர் தானாகப் பார்த்து "என்ன வேணும்" என்று கேட்கும் வரைக்கும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர். அவரிடம் போய் ஊருக்குப் போதிக்கச் சொன்னீர்கள். அன்றிரவே அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகத் தொடங்கினார். கண்ணாடியிலிருந்த ஆளைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அதனால் கோழிக் கூட்டுக்கு முன்னால் போய் நின்று பழகினார்.

முதலில் எஞ்சின் ஓட்டுகிற சிவராசா அண்ணையிடம் போனார். எஞ்சின் அறைக்குள் நின்று, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னாராம். சிவராசா அண்ணை ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டினாராம். "ஞானஸ்நானம் எடுக்க விருப்பமோ?" என்று கேட்டதற்கும் ஆட்டினாராம். அப்பா அன்று வீட்டுக்கு வந்து மூன்று கோப்பை சோறு சாப்பிட்டார். அம்மாகூட, "பரவாயில்லை, வாய் திறந்திட்டார்" என்றார். அடுத்த நாள் பங்குச் சுவாமியிடம் சொல்லி நாள் குறிக்கலாமா என்று அப்பா கேட்கப் போனபோதுதான் சிவராசா அண்ணை சொன்னார்: "எமில், அந்த எஞ்சினுக்குள்ளை எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது. ஆர் வந்து என்ன சொன்னாலும் தலையை ஆட்டி அனுப்பிவிடுறது என்ரை பழக்கம். நேற்று என்ன, கடன் கேட்டனீரோ?" அப்பா "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்தது நெல் அவிக்கிற கனகம்மா அக்கா. இவரிடம் வாயால் சொல்ல அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் எங்கள் வீட்டுத் திரு இருதயப் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்த் தராசுக்கு மேல் ஆணியடித்து மாட்டினார். படமே பேசட்டும் என்று நினைத்தாராம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆண்டவருடைய நெற்றியில் சந்தனப் பொட்டு, காதோரம் செவ்வரத்தம் பூ, முன்னால் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை கனகம்மா அக்கா பொங்கலும் வைத்துப் படைத்திருக்கிறார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, இவர் ஆர் தெரியுமோ?" என்று கேட்டிருக்கிறார். "ஏன் தம்பி எனக்குத் தெரியாது? இவரின்ரை தாயிட்டை ஆவணி மாசம் மடுக் கோயிலுக்கு நான் நடந்து போறனான். நீர் பஸ்ஸிலை போறனீர்" என்று கனகம்மா அக்கா சொன்னார். அப்பா பொங்கலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அம்மா கேட்டார்: "நீங்கள் அவையைத் திருப்பப் போனியளோ, அவை உங்களைத் திருப்பிப் போட்டினமோ?"

மூன்றாவது, லொறி ஓட்டுகிற நுஃமான் நானா. மன்னாருக்கு அரிசி ஏற்றிப் போன ஒரு நாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டு, "நுஃமான், உங்களிட்டை யேசுவைப் பற்றி ஒரு கதை கதைக்கவேணும்" என்றாராம். நுஃமான் நானா சந்தோஷத்தில் ஸ்ரியறிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். "ஈஸா நபியைப் பற்றியோ? எமில், இவ்வளவு நாளும் இதைக் கதைக்க ஓராள் கிடைக்கேல்லையே எண்டுதான் நான் இருந்தனான்!" அப்பா சொல்ல நினைத்ததில் ஒரு வசனம் சொன்னார், மீதி வழி முழுவதும் நுஃமான் நானா சொன்னார். அரிசி இறக்க வேண்டிய கடையைத் தாண்டிப் பேசாலை வரைக்கும் போய்விட்டார்கள். திரும்பி வரும்போது நுஃமான் நானா, "பொஞ்சாதிக்கு இந்த மாசம் பிள்ளை கிடைக்கும், உங்கடை மாதாவுக்கும் ஒரு சொல்லுச் சொல்லி வைய்யுங்கோ" என்றார். அப்பா மாதாவுக்கு ஒன்பது நாள் செபம் சொன்னார். பெண் பிள்ளை பிறந்தது. மர்யம் என்று மாதாவின் பெயரையே வைத்தார்கள். அப்பா இதை அரை ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

மனேச்சர் நவரத்தினத்தாரிடம் மட்டும் அப்பா போகவில்லை. பயத்தினால் இல்லை. "அந்த மனிசனிட்டைப் போய் நான் என்னத்தைச் சொல்லுறது" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவருடைய ஒரே மகன் குகதாசன் அண்ணா போன வைகாசியில் கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்கென்று பஸ் ஏறினவர். வழியில் எங்கேயோ பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். பை மட்டும் திரும்பி வந்தது, கொண்டக்ரர் கொண்டுவந்து கொடுத்தார். யார் எடுத்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய அம்மா மனோன்மணி மாமி இன்றைக்கும் மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறார். அந்த வீட்டில் ஒருவரும் அழக்கூடாது. அழுதால் அண்ணா இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது மாமியின் கட்டளை. உறவினர்கள் வந்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படியேற வேண்டும். நவரத்தினத்தார் அன்றிலிருந்து ஒரு சாவீட்டுக்கும் போவதில்லை. இதெல்லாம் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் நடந்ததுதான் இன்றைய கதை.

தவக்காலம் தொடங்கியதும் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். "எனக்குக் கதைக்க வராது, பிள்ளை. பாட வரும்" என்றார். அது உண்மை. கோவிலில் பசாம் பாடும்போது அப்பாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆண்டவர் பாடுபட்ட கதையை ஒப்பாரியாக இழுத்து இழுத்து அவர் பாடினால் முன்வரிசையில் இருக்கும் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். அதை அவருக்குப் பழக்கியவரும் நீங்கள். "பசாம் தொடங்கினால் அடக்கம் வரைக்கும் பாடி முடிக்கவேணும். இடையிலை விட்டால், ஆண்டவரைச் சிலுவையிலை தொங்க விட்டிட்டு நாங்கள் வீட்டை வந்து சோறு தின்னிற மாதிரி" என்று சொல்லிக் கொடுத்தவரும் நீங்கள். ஒரு வருடம் மழைக்குக் கோவில் கூரை ஒழுகி எல்லோரும் எழும்பிப் போன பிறகும், திறப்புக் கோர்வையோடு கோவில் பூட்டுகிற சங்கிலித்தார் வாசலில் காத்து நிற்க, அப்பா தன்னந்தனியாக நனைந்து நனைந்து ஆண்டவரை அடக்கம் செய்துவிட்டுத்தான் வந்தார். நினைவிருக்கிறதா?

மில்லில் நெல் நிறுக்கும்போது பாடத் தொடங்கினார். எஞ்சின் ஓடும் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பத்து நாட்களாகப் பாடுகிறாராம், பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவருக்கே தெரியாது. அப்பாவுக்கு அது வசதியாகப் போய்விட்டது. சொன்னதாகவும் இருக்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். அந்தத் துணிச்சலில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். இன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. கோழிகளுக்குத் தவிடு எடுத்து வர நானும் கூடப் போனேன். பாலத்தடியில் இறங்கி நடந்து, ஆமிச் சோதனை முடிந்து, மறுபடி பஸ் ஏறி, உயிலங்குளத்துக்கு அங்கால் உள்ள அந்த மில்லுக்குப் போய்ச் சேர ஒன்பது மணி தாண்டிவிட்டது. நான் தவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்பா தராசடியில் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, வாயை ஆவென்று திறந்துகொண்டிருப்பது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. மீன் வாய் திறப்பது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா, நான் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் எஞ்சின் பெல்ற் அறுந்தது.

ஒரே நொடியில் எல்லாம் நின்றுபோனது. அந்த அமைதியில் அப்பாவின் குரல் மட்டும், எஞ்சின் சத்தத்தை விழுத்தவென்று கூட்டி வைத்திருந்த முழுக் குரல், "மகனே, உன் தாய் வந்திருக்கிறேன், முகம் தூக்கிப் பாராயோ" என்று வெளியே பாய்ந்து, வயல் முழுவதும் போய், குளக்கட்டில் பட்டுத் திரும்பி வந்தது. சிலுவை சுமந்து வரும் மகனைத் தாய் வழியில் சந்திக்கும் கட்டம். கனகம்மா அக்கா அகப்பையைப் போட்டுவிட்டு "ஐயோ என்ரை அம்மா" என்று நெஞ்சில் அடித்தார். நெல் அவிக்கிற மற்றப் பெண்களும் ஏன் என்று கேளாமலே வந்து கட்டிப் பிடித்துக்கொண்டு கூடவே அழத் தொடங்கினார்கள். றோட்டில் போன மாட்டு வண்டிக்காரர் இறங்கித் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் ஏரம்பு அண்ணை, கடையைப் பாதி சாத்திவிட்டு, ஒரு வெள்ளைச் சீலைத் துண்டை எங்கிருந்தோ எடுத்து வந்து மில் வாசல் படலையில் கட்டியே விட்டார். கால் மணி நேரத்துக்குள் படலைக்குள்ளும் வெளியிலும் ஆட்கள். ஒருவருக்கும் யார் செத்தது என்று தெரியாது. எல்லோரும் மனேச்சர் என்றுதான் நினைத்தார்கள். ஏனென்றால் அவரைத்தான் வெளியில் காணவில்லை. கந்தோர் அறைக் கதவைத் திறந்துகொண்டு நவரத்தினத்தார் வெளியே வந்ததும் ஏரம்பு அண்ணை கொஞ்சம் ஏமாந்துபோனவர் மாதிரிப் பார்த்தார். "நீங்கள் இருக்கிறியள்! அப்ப ஆர்?" என்று அவரிடமே கேட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆமிக்காரரின் ட்ரக் ஒன்று றோட்டால் வந்து மெதுவாகியது. கூட்டம் கூடினால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. அவர்கள் வெள்ளைத் துண்டைப் பார்த்தார்கள், அழுகிற பெண்களைப் பார்த்தார்கள். பின்னால் இருந்த ஒருவன் தொப்பியைக் கழற்றினான். ட்ரக் போய்விட்டது. இவ்வளவு நடந்தும் அப்பா கண்ணைத் திறக்கவில்லை. எஞ்சின் நின்றது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தொடங்கிவிட்டார், ஆண்டவர் இன்னும் கல்வாரிக்குப் போய்ச் சேரவில்லை. நவரத்தினத்தார் தராசடிக்குப் போய் நின்று, "எமிலியானுஸ், காணும். நிப்பாட்டும்" என்றார். சிவராசா அண்ணை கையைப் பிடித்து இழுத்தார். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அப்பா எனக்கு நேரே ஒரு விரலைத் தூக்கி, "கொஞ்சம் பொறு" என்பது போலக் காட்டிவிட்டு ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தார்.

செய்தி குளத்தடியிலுள்ள மனேச்சர் வீட்டுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. "மில்லிலை ஒப்பாரி. மனேச்சருக்கு ஒண்டுமில்லையாம், அவர் நிக்கிறாராம்" என்று யாரோ மனோன்மணி மாமிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மாமி என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் நிற்கிறார் என்றால் பிறகு யார்? கையில் கறி அகப்பையோடு, செருப்பில்லாமல், வரப்பால் ஓடி வந்தார். கூட்டம் தானாக விலகியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். அப்பா மட்டும் பாடிக்கொண்டிருந்தார், மாமா. உடலைத் தாயின் மடியிலிருந்து எடுத்துக் கல்லறைக்குக் கொண்டுபோகிற இடத்துக்கு வந்திருந்தார்.

மாமி ஒருவரையும் பார்க்கவில்லை. "கொண்டு வந்திட்டாங்களோ? எங்கை கிடத்தியிருக்கிறியள்?" என்று கேட்டார். நெல் மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. சிலவற்றின் மேல் படங்குச் சீலை போட்டு மூடியிருந்தது. மாமி ஒவ்வொன்றாகப் போய் அந்தச் சீலையின் தலைப்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மெதுவாக, நித்திரையாயிருக்கும் பிள்ளையின் போர்வையைத் தூக்குகிற மாதிரி. கடைசி மூட்டை வரைக்கும் பார்த்தார். அதற்குள் நவரத்தினத்தார் போய்க் கையைப் பிடித்து, "பாட்டு, மணி. வெறும் பாட்டு" என்றார். "பாட்டோ?" என்று கேட்டார் மாமி. இன்னொரு முறை "பாட்டோ?" என்று கேட்டுவிட்டு அப்படியே தவிட்டின் மேல் இருந்துவிட்டார். எனக்குப் பக்கத்தில்தான். அழவில்லை. அகப்பையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

அப்பா அடக்கத்தை முடித்துக் கண்ணைத் திறந்தபோது முன்னால் நின்றது அதுதான்.

நவரத்தினத்தார் சத்தம் போடவில்லை. அவர் ஒருநாளும் சத்தம் போடுகிறவர் இல்லை. "எமிலியானுஸ், நீர் இனி இங்கை வரவேண்டாம்" என்றார். திரு இருதயப் படத்தைத் தானே கழற்றி, சந்தனத்தைச் சால்வையால் துடைத்து, என் கையில் தந்தார். தவிட்டுச் சாக்கை எடுக்க மறந்துவிட்டோம். பாலத்தடியில் ஆமிக்காரன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அப்பா வீட்டுக்கு வந்து படுத்தவர்தான், இன்னும் எழும்பவில்லை. அம்மா முதலில் உங்களை ஏசினார், பிறகு அப்பாவை ஏசினார், பிறகு மனோன்மணி மாமியை நினைத்து அடுப்படியில் இருந்து அழுதார்.

எனக்கு வேலை போனதைப் பற்றியும் பயம்தான். குருத்து ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை மில் முதலாளி வருவார், அதற்குப் பிறகு கேட்டுப் பயனில்லை என்று அம்மா சொல்கிறார். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. கண்ணை மூடினால் மாமி மூட்டையின் சீலையைத் தூக்குவது தெரிகிறது. ஆண்டவரைப் பற்றிச் சொல்வது நல்லது என்று ஞானோபதேச வகுப்பில் படிக்கிறோம். நல்லதைச் செய்து ஒரு தாய்க்கு இப்படி நடக்கலாமா? இனி அப்பா வாயே திறக்கக்கூடாது என்று நான் நினைக்கிறேன். அப்படி நினைப்பது ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லச் சொல்வதற்குச் சமன் என்றால் அதுவும் பாவம். இதை யாரிடம் கேட்பது? சுவாமியிடம் கேட்டால் அப்பாவை அழைத்து விசாரிப்பார். ஆகவே தாங்கள் தயவுசெய்து குருத்து ஞாயிறுக்கு முன்னர் புறப்பட்டு வந்து, அப்பாவிடம், "எமில், காணும், நீ சொன்னது காணும், இனி நிப்பாட்டு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் தொடங்கச் சொன்னபடியால் நீங்கள் நிறுத்தச் சொன்னால்தான் கேட்பார். அப்படியே நவரத்தினத்தாரிடமும் போய் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். கதவைத் திறக்காவிட்டால் நான் திறப்பேன்.

மாமிக்கும் மச்சாள்மாருக்கும் என் அன்பு. தங்கள் ஆசீர்வாதத்தை முழங்காலில் நின்று கேட்கிறேன் என்று எழுதுவது வழக்கம். இப்போது குப்புறப் படுத்திருப்பதால் அப்படியே கேட்கிறேன். மாதா உங்கள் வள்ளத்தைக் காப்பாராக. விளக்கில் எண்ணெய் முடிகிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்,
பிலோமினா

பி.கு. — ஞாயிறு பின்னேரம். மாமா, மேலே எழுதியதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கிழித்தே போட்டிருப்பேன், ஆனால் வேறு தாள் இல்லை.

பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில் நுஃமான் நானாவின் லொறி எங்கள் ஒழுங்கை வாசலில் வந்து நின்றது. தவிட்டுச் சாக்கை அவர் இறக்கி வைத்தார். அதற்குப் பின்னால் மனோன்மணி மாமி இறங்கினார். நெற்றியில் திருநீறு, கையில் ஒன்றுமில்லை. நவரத்தினத்தார் இறங்கவில்லை, முன் சீற்றில் நேரே பார்த்தபடி இருந்தார். அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். அப்பா எழும்பி வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கடையில் உப்பு வாங்கப் போனால் நிற்பாரே, அதே மாதிரி.

மாமி கதிரையில் இருக்கவில்லை. "நேற்றுப் பாடினியளே, அந்தத் தாய்க்குப் பிள்ளையின்ரை உடம்பு கிடைச்சதோ?" என்று கேட்டார்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"கையிலை குடுத்தவங்களோ?"

"ஓம். மடியிலை கிடத்தினவை" என்றார் அப்பா.

மாமி "குடுத்து வைச்சவ" என்றார். பிறகு சொன்னார்: "என்ரை பிள்ளைக்காக ஒருத்தரும் அழப்படாது. அவன் வருவான். ஆனால் அந்தத் தாய்க்காக அழலாம்தானே? நேற்று ராத்திரி முழுக்க அவவைத்தான் நினைச்சனான். அவவுக்காகப் பாடுங்கோ. நான் இருந்து அவவுக்காக அழுதிட்டுப் போறன்."

அப்பா நிலத்தில் உட்கார்ந்து பாடினார். பெரிய சத்தமில்லை, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிராது. மாமி அழுதார். நான் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை, மாமா. பத்து மாதத்து அழுகை. அம்மா போய்ப் பக்கத்தில் இருந்து மாமியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். நுஃமான் நானா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லொறிக்குள் இருந்தவர் முகத்தைச் சால்வையால் மூடியிருந்தார். சிலுவையிலிருந்து இறக்கி, தாயின் மடியில் கிடத்தி, தாய் மகனுடைய தலைமயிரை ஒதுக்கிவிடுகிற இடம் வந்தது. அது முடிந்ததும் மாமி தலையைத் தூக்கி, "இனிக் கொண்டுபோய் அடக்குறதோ?" என்று கேட்டார். அப்பா ஓம் என்றார். "அது வேண்டாம். இதோடை விடுங்கோ. கொஞ்ச நேரம் அவவிட்டையே இருக்கட்டும்" என்றார் மாமி.

போகும்போது நவரத்தினத்தார் லொறிக்குள் இருந்தபடியே, அப்பாவைப் பார்க்காமல், "நாளைக்கு நெல்லு வருது. தராசுக்கு ஆளில்லை" என்று சொன்னார்.

இந்தக் கடிதத்தை, உங்கள் முசலிப் பக்கம் அரிசி கொண்டு வரும் நுஃமான் நானாவிடம் நாளை அப்பாவே கொடுத்துவிடுவார். அதனால் இது இனி இரகசியமும் இல்லை. முள்ளிக்குளம் என்ற பெயரை அம்மாவே இன்று மத்தியானம் எடுத்தார், அண்ணருக்கு எழுதிக் கேள் என்று. நீங்கள் வந்து அப்பாவை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா நிறுத்திவிட்டார், மடியோடு. அடக்கம் பாடவில்லை. இதில் பாவம் ஏதும் உண்டா என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறார். உண்டு என்று நீங்கள் எழுதினாலும் இனி அதைப் பாடப் போவதில்லையாம்.